ரேகை

1

இனவெறி வெள்ளைக்காரன் கறுப்பனுக்குச் செய்வது. சாதி நமக்கு நாமே செய்துகொள்வது. முன்னது குற்றம், பின்னது வழக்கம். இந்த வசதியான பங்கீடு எழுத்தாளர்களிடையேகூடக் கேள்வியின்றி நிலவிவருகிறது. தென்னாப்பிரிக்கக் கவிதைகளை மொழிபெயர்த்துப் போடுகிறோம். அமெரிக்கக் கறுப்பர்களின் நாவல்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். பேசி முடித்ததும் எழும் கேள்விகள் மட்டும் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இனவெறி மனிதனுக்கு இயல்பானதா? அது நிறத்தைப் பற்றியதுதானா? சாதியும் இனமும் ஒன்றா? சட்டம் வந்துவிட்ட பிறகு என்ன மிச்சம்? அவர்களில் ஒருவர் உச்சிக்குப் போய்விட்ட பிறகும் குறை சொல்லலாமா?

இவற்றுக்குப் பொதுவில் நின்று பதில் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பண்ணைப்புரத்தில் நின்றுகொண்டு சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஊரை உலகுக்குத் தெரிந்திருப்பது இளையராஜாவால். மற்றபடி 1996 வரை மதுரை ஜில்லாவிலும் அதற்குப் பின் தேனி மாவட்டத்திலும் எழுதப்படுகிற கம்பம் பள்ளத்தாக்கின் பல ஊர்களில் ஒன்று. மேற்கே மலை, மலைமேல் ஏலமும் தேயிலையும். கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிச் சீமை. இந்தப் பள்ளத்தாக்கின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் அதை ஒட்டி, ஊர் என்று பெயர் பெறாத இன்னொரு ஊர். இந்த மூன்று இடங்களிலும் மூன்று கோடுகள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து போனாலே மேற்படி கேள்விகளின் தன்மை மாறிவிடுகிறது என்பது என் கணிப்பு.

2

இனவெறி இயல்பானது என்பவர்கள் அந்நியனைக் கண்டு குரைக்கும் நாயை உதாரணம் காட்டுவார்கள். நாய் குரைக்கும், முன்பணம் கொடுத்துப் பத்திரம் எழுதி வாங்காது.

வர்ஜீனியாவில் 1662இல் ஒரு சட்டம் வந்தது. குழந்தை தாயின் நிலையையே பெறும் என்றது. அதாவது அடிமைத் தாயின் குழந்தை, தகப்பன் யாராயிருந்தாலும், அடிமை. ஆங்கிலேய மரபிலோ குழந்தை தகப்பனைச் சேர்ந்தது. சொந்த மரபையே தலைகீழாக்கும் அவசரம் எங்கிருந்து வந்தது? புகையிலைத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. நிறத்தின் மேலான வெறுப்பு அங்கே இல்லாமலில்லை. ஆனால் அது தத்துவமாகவும் விஞ்ஞானமாகவும் வளர்ந்தது தோட்டம் வளர்ந்த பிறகுதான்.

எங்கள் மலையிலும் தோட்டம்தான் முதலில் வந்தது. பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ 1877இல் குத்தகைக்குப் பெற்றார். பிறகு தேயிலை. மூணாறு மலையின் டாப் ஸ்டேஷனுக்கும் போடி அருகே கொட்டகுடிக்கும் இடையே கம்பிவடம் ஓடியது. தேயிலை கம்பியில் இறங்கியது. ஆள் காலால் ஏறினான். ஆள் பிடித்துக் கொடுத்தவன் கங்காணி. அவன் வெளியாள் அல்ல. தன் ஊரிலும் தன் உறவிலுமே முன்பணம் கொடுத்தான். முன்பணம் வாங்கிவிட்டு ஓடிப்போவது ஆங்கிலேய இந்தியாவில் 1859ஆம் வருஷச் சட்டப்படி கிரிமினல் குற்றம். 1920களின் நடுப்பகுதி வரை இந்தச் சட்டம் இருந்தது. கடன்பட்ட வியாபாரி கடையைப் பூட்டிக்கொண்டு மறைந்தால் சிவில் வழக்கு. கூலி மறைந்தால் சிறை. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969இல் எழுதிய ஆங்கில நாவலை, 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் மொழிபெயர்த்த பிறகுதான் நம்மில் பலர் படித்தோம். மலைக்குக் கீழே இருந்தவர்களுக்கு அது நாவல் அல்ல, பாட்டன் கதை.

துரையின் பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். துரைமார் கிளப்பில் இந்தியன் நுழைந்தது தட்டு ஏந்திக்கொண்டு. இது நாம் அறிந்த இனவெறி, சினிமாவில் காட்டக்கூடியது. நாம் கவனிக்காமல் விடுவது லயத்துக்கு உள்ளே நடந்ததை. கங்காணி தன் ஆட்களைக் கொண்டுபோனபோது ஊரின் அமைப்பையும் கூடவே கொண்டுபோனான். இலங்கை மலையகத்தில் வேலைக் கும்பல்களும் லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்திருந்தது ஆய்வாளர்களால் விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. துரைக்கு எல்லோரும் கூலி. கூலிகளுக்குள் கடைசிக் கூலி யார் என்பது கங்காணிக்குத் தெரியும். துரை அதை உண்டாக்கவில்லை. அது அவனுக்கு உபயோகப்பட்டது, அவ்வளவுதான்.

1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் பாடினார். தேயிலைத் தோட்டத் தமிழர்களின் ஓட்டு அந்தப் பாட்டில் திரண்டது என்பார்கள். சிறுவனாக இருந்த இளையராஜாவும் கூடப் போயிருந்தார். பள்ளத்தாக்கிலிருந்து முன்பணத்துக்கு அடிமையாக ஏறிய குரல், மலையில் கேட்கப்படுவதற்காக ஏறியது அப்போதுதான் என்று எனக்குப் படுகிறது.

துரைகள் போய்விட்டார்கள். இன்றும் விடியலில் எங்கள் ஊர்களிலிருந்து ஜீப்புகள் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகின்றன, சாயங்காலம் திரும்புகின்றன. முதலாளிக்கும் கூலிக்கும் நிறத்தில் வித்தியாசமில்லை. ஆனால் மலையேறினால் 'பாண்டி' என்ற சொல் காத்திருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது அந்தச் சொல் கல்லாகவும் கம்பாகவும் மாறியது. வேலைக்குப் போனவர்கள் குடும்பத்தோடு இறங்கி வந்தார்கள். அதே சமயம் கீழே நாம் 'வடக்கன்' என்ற சொல்லைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். வேலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு இடம் கொடுக்க மனம் வேண்டாம் என்கிற இடத்தில்தான் இந்தச் சொற்கள் பிறக்கின்றன. நாய் குரைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

3

இரண்டாவது கோடு ரேகை. இதைச் சொல்ல உசிலம்பட்டிக்கு வருமுன் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது.

1858இல் வங்காளத்தில் ஹூக்ளிப் பகுதியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தக்காரன் பின்னால் மறுக்காமலிருக்க அவன் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதித்தார். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக்கென்றே ஓர் ஆபீஸ் திறக்கப்பட்டது. அசீசுல் ஹக், ஹேம்சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பில் உருவான வகைப்பாட்டு முறை, அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கலாயிற்று. ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவுக்கு, ஜோஹன்னஸ்பர்க் போலீசைச் சீரமைக்க அனுப்பப்பட்டார். ரேகையும் கூடவே போயிற்று.

1906இல் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் அனைவரும் ரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற சட்டம் வந்தது. காந்தி தலைமையில் எழுந்த எதிர்ப்புக்குத்தான் சத்தியாக்கிரகம் என்று பெயர் வந்தது. 1908 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் பதிவுச் சீட்டுகளைக் குவித்து எரித்தார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் தமிழர் கணிசம். சிறையில் நோயுற்று, வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நமக்குத் தெரியும். நம் பாடப் புத்தகங்களில் அவர் இருக்கிறார்.

அதே 1914இல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. 1871இல் வட இந்தியாவுக்காகப் போடப்பட்ட சட்டம். 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில வருஷங்களில் பிறமலைக் கள்ளர் முழுவதும் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டார்கள். ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். வயது வந்த ஆண்கள் ரேகை பதிக்க வேண்டும். இரவில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ஊரை விட்டுப் போவதானால் ராதாரிச் சீட்டு வேண்டும். ஒருவன் என்ன செய்தான் என்பது கேள்வியல்ல. யாருக்குப் பிறந்தான் என்பதே கேள்வி. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டது. இறந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

நாற்பது வருஷம் கழித்து, 1960 மார்ச் 21இல், தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கறுப்பர்களைப் போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தார்கள் என்பது அன்றைய கணக்கு. அந்த நாளை ஐக்கிய நாடுகள் சபை இனப் பாகுபாட்டு ஒழிப்பு நாளாக அறிவித்தது. ஷார்ப்வில் உலக சரித்திரமாயிற்று. பெருங்காமநல்லூர் ஒரு சாதியின் சரித்திரமாகச் சுருக்கப்பட்டது. சீட்டு ஒன்றுதான், ரேகை ஒன்றுதான், துப்பாக்கியும் அநேகமாக ஒன்றுதான். நடுவில் நிறம் இல்லாததால் இதை இனவெறி என்று பெயரிட நமக்குத் தோன்றவில்லை.

சரி, நிறம் எதற்கு? ரேகை பதித்த குமாஸ்தாவும் தமிழன், இரவில் ஸ்டேஷனில் கணக்கெடுத்த கான்ஸ்டபிளும் தமிழன். தோலைப் பார்த்து யாரையும் பிரித்திருக்க முடியாது. அதனால்தான் காகிதமும் மையும் தேவைப்பட்டன. நிறம் என்பது உடம்பில் இலவசமாகக் கிடைத்த ஓர் அடையாளச் சீட்டு. அது கிடைக்காத இடத்தில் அரசு தானே சீட்டு அச்சடிக்கும். இனவெறியின் வேலை வெறுப்பதல்ல. யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில் இருக்கலாம் என்று பிறப்பை வைத்துத் தீர்மானிப்பது. வெறுப்பு இல்லாமலே, பைல்களின் மூலம், சிரித்த முகத்தோடு இதைச் செய்ய முடியும்.

4

சாதியும் இனமும் ஒன்றா என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுதான் என்று முதலில் சொன்னவர்கள் வெள்ளை அதிகாரிகள். 1901 ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் சம்பந்தம் கண்டார். சென்னை மியூசியத்தின் சூப்பரின்டென்டென்ட் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை வைத்து மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். போலீஸ்காரர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய ஏழு தொகுதிகளை இன்றும் நம் சாதிச் சங்கங்கள் பெருமைக்கு மேற்கோள் காட்டுகின்றன. தங்களை அளந்த கோலையே செங்கோலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

இதை முழுமையாக மறுத்தவர் அம்பேத்கர். 1936இலேயே சாதிக்கு இன அடிப்படை கிடையாது என்றார். 1948இல் தீண்டாதார் பற்றி எழுதிய நூலில் மூக்களவுக் கணக்கையே எடுத்து, பிராமணனும் தீண்டாதவனும் ஒரே இனம் என்று அதை வைத்தே நிரூபித்தார். ஆனால் அதே அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்கு, அமெரிக்க நீக்ரோக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டுக் கடிதம் எழுதினார். இதில் முரண் இல்லை. மூல காரணம் வேறு. வாழ்க்கை நிலை ஒன்று. 1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, தீண்டத்தகாத குழந்தைகள் படித்த அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு யோசித்து, ஆமாம் நான் அதுதான் என்று தேர்ந்ததாகவும் கிங்கே பின்னால் சொன்னார். அறிஞர்களுக்கு வேண்டியிருந்த விளக்கம் அந்தத் தலைமையாசிரியருக்கு வேண்டியிருக்கவில்லை.

1965இல் ஐ.நா. நிறைவேற்றிய இனப் பாகுபாட்டு எதிர்ப்பு உடன்படிக்கையில் நிறம், இனம் ஆகியவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லும் சேர்ந்தது. அதைச் சேர்க்கச் சொன்னது இந்தியத் தரப்பு. 2001இல் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியபோது, சாதியை அங்கே பேசக்கூடாது என்று வாதாடியதும் இந்திய அரசு. எந்த டர்பன்? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போன ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய டர்பன். 1950இன் வட்டாரப் பிரிவுச் சட்டப்படி அவர்கள் பேரப்பிள்ளைகள் கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த்தில் குடிவைக்கப்பட்ட டர்பன். சாதி உள்நாட்டு விஷயம் என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமற்ற ஊர் உலகத்தில் இல்லை.

5

மூன்றாவது கோட்டுக்கு மையும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

1950ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் தென்னாப்பிரிக்காவில் இனவாரி மக்கள் பதிவுக்கு ஒரு சட்டமும் வட்டாரப் பிரிவுக்கு ஒரு சட்டமும் வந்தன. அதே வருஷம் ஜனவரியில் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. அங்கே பிரிவினை சட்டத்தில் ஏறியது. இங்கே சட்டத்திலிருந்து இறங்கியது. இறங்கி எங்கே போயிற்று? டீக்கடைக்கு.

எங்கள் பக்கத்து டீக்கடை ஒன்றில் என் பால்யத்தில் கண்ணாடித் தம்ளர்கள் கல்லாவை ஒட்டி வரிசையாக இருக்கும். வேறு சில தம்ளர்கள் வெளியே கம்பத்தில் தொங்கும். குடிப்பவரே எடுத்து, குடித்து, கழுவி மாட்ட வேண்டும். போர்டு ஏதும் இல்லை. அமெரிக்கத் தெற்கில் 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்று எழுதி வைத்தார்கள். எழுதியதால் 1964இல் அந்தப் போர்டைக் கழற்ற முடிந்தது. எழுதாததை எப்படிக் கழற்றுவது? சட்டத்துக்கு அஞ்சிய பிறகு தொங்கிய தம்ளர் இறங்கி, சில இடங்களில் காகிதக் கப் வந்தது. சுகாதாரம் என்றார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழும்பிய சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால்தான் 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க முடிந்தது. சுவர் கட்டும் அளவுக்கு அசட்டுத்தனம் எல்லா ஊர்களிலும் இல்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் சங்கடமான விஷயம் வருகிறது. உசிலம்பட்டிச் சீமையில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்கவில்லை. 2006 அக்டோபரில்தான் முடிந்தது. இது எந்தச் சீமை? இரவில் ஸ்டேஷனில் படுத்த சீமை. பிறப்பை வைத்து மனிதனை எடைபோடாதே என்று துப்பாக்கிக்கு முன் நின்ற சீமை. ஒரு சமூகத்தை மட்டும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. உத்தப்புரத்துச் சுவரைக் கட்டியவர்கள் வேறு சாதியார், 1939 ஜூலையில் மதுரைக் கோயில் நுழைவுக்குத் துணை நின்றவர்களில் முத்துராமலிங்கத் தேவரும் உண்டு. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: துன்பம் தானாக அறிவாவதில்லை. பட்ட அவமானம், 'எங்களுக்கா இந்தச் சட்டம்?' என்றும் கேட்கலாம்; 'மனிதனுக்கா இந்தச் சட்டம்?' என்றும் கேட்கலாம். முதல் கேள்வி தனக்கு மேலே உள்ள கோட்டை மட்டும் அழிக்கும். இரண்டாவதற்குத் தனக்குக் கீழே உள்ள கோடும் தெரியும்.

இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்கள் குறைவு. ஜார்ஜ் ஜோசப் அவர்களில் ஒருவர். செங்ஙன்னூரில் பிறந்து மதுரையில் தொழில் நடத்திய பாரிஸ்டர். ரேகைச் சட்டத்துக்கு எதிராகக் கள்ளர்களுக்காக வாதாடினார். அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்றார்கள். 1924இல் வைக்கத்தில் தீண்டாதார் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றார். இது இந்துக்களின் காரியம், நீங்கள் கிறிஸ்தவர், விலகுங்கள் என்று காந்தி அவருக்கு எழுதினார். கோடுகளைத் தாண்டியவனுக்கும் நம்மிடம் ஒரு கோடு தயாராகவே இருந்தது.

6

கடைசிக் கேள்வி. அமெரிக்காவில் ஒபாமா வந்துவிட்டார், உங்கள் ஊரிலிருந்தே இளையராஜா வந்துவிட்டார், இன்னும் என்ன என்பவர்களுக்கு: 1976க்குப் பிறகு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் அவர் பாட்டு இல்லாத வேளை இல்லை. உள்ளே பெஞ்சில் இருந்தவனும் கேட்டான், வெளியே குத்துக்காலிட்டு இருந்தவனும் கேட்டான். ரேடியோ ஒன்று, தம்ளர் இரண்டு. 1989இல் போடிக் கலவரம் நடந்தபோதும் இருபக்கமும் அதே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலை தன் வேலையைச் செய்தது. அது செய்யாத வேலையை அது செய்துவிட்டதாகச் சொல்லி நாம் தப்பிக்கிறோம்.

நம் வேலை மொழி என்பதால் மொழியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தென்னாப்பிரிக்க வெள்ளையர் தங்கள் கொள்கைக்கு வைத்த பெயருக்குத் 'தனித்திருத்தல்' என்பதே பொருள். கெட்ட வார்த்தை அல்ல; சாதுவான வார்த்தை. நம்மிடம் 'காலனி' இருக்கிறது. நகரத்தில் உத்தியோகஸ்தர்கள் வசித்தால் கௌரவம்; கிராமத்தில் சொன்னால் வேறு அர்த்தம். 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். நல்லது. ஆனால் காலனி என்ற சொல் போனாலும் அதன் ஜோடிச் சொல் அப்படியே இருக்கிறது. அது 'ஊர்'. ஊர்க்கூட்டம், ஊர்ப்பொது, ஊர்க்கட்டு, ஊர்ச்சாமி, ஊர்கூடித் தேர் இழுப்பது. இந்த ஊரில் யார் உண்டு, யார் இல்லை என்று எந்த அகராதியும் சொல்வதில்லை. கேட்கிற குழந்தைக்கு ஐந்து வயதில் தெரிந்துவிடுகிறது. உலக மேடைகளுக்கு நாம் எடுத்துப்போகிற அந்தப் புறநானூற்றுப் பாட்டும் இந்தச் சொல்லை வைத்துத்தான் பேசுகிறது. நம் கவிதைகளில் 'ஊர்' என்று எழுதும்போதெல்லாம் அது எந்த ஊர், எங்கே முடிகிற ஊர் என்று எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுதப்படும் ஏக்கங்களில் கம்பத்தில் தொங்கும் தம்ளர் கண்ணில் படுவதில்லை.